கல்லறைச் சுவருக்குப் பதில் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இணையத்தில் பெருகிவரும் நாத்திகக் குழுக்களுக்குக் கிறிஸ்தவர்கள் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான் பிறவிக் கத்தோலிக்கப் பெண். சேலத்தில் 31 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக வேலை பார்த்துவிட்டு, இப்போது ஏற்காட்டில் பிறந்த வீட்டில் இருக்கிறேன். கட்டுரையாளரின் விசுவாசத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அவர் பதில் சொல்லியிருப்பது நம் ஊர் நாத்திகருக்கு இல்லை.

கட்டுரை முழுக்க நாத்திகர் ரிச்சர்ட் டாக்கின்ஸும் அவருக்குப் பதில் சொல்லும் கிறிஸ்தவர் ஜான் லெனாக்ஸும்தான். இருவருமே ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர்களாக இருந்தவர்கள். கடவுள் என்பது வெறும் மயக்கம் என்று வாதாடும் டாக்கின்ஸின் புத்தகம் 2006இல் வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் அலபாமாவில் இருவரும் ஒரே மேடையில் வாதாடினார்கள். பரிணாமம் உண்மையென்றால் படைத்தவர் எதற்கு என்பது அங்கே பெரிய சண்டை. இங்கே? சுவரில் பாடுபட்ட சுரூபம் தொங்கும் வகுப்பறையில்தான் நான் பரிணாமப் பாடம் நடத்தினேன். ஒரு சாமியாரும் ஏன் என்று கேட்டதில்லை. பரிணாமத்தை ஆராய்வதற்குத் தடையில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950இலேயே எழுதிவிட்டார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் கணக்குப் போட்டுக் காட்டிய ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜியம் நாட்டுக் குருவானவர். என்னிடம் படித்த பையன் ஒருவன், இப்போது அப்படி ஒரு குழுவில் இருக்கிறான், “டீச்சர், உங்க சபைப்படி உலகத்துக்கு 6,000 வயசுதானே?” என்று கேட்டான். எங்கள் சபை அப்படிச் சொல்வதே இல்லை. அவனும் கடன் வாங்கிய சண்டையைத்தான் போடுகிறான்.

இணையம் வந்துதான் நாத்திகம் பரவியது என்று கட்டுரையில் ஒரு வரி. சேலத்துக்காரர்கள் அதை ஏற்க முடியாது. நீதிக்கட்சி 1944 ஆகஸ்டில் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்த ஊர் மாநாட்டில். அதற்கும் அறுபது ஆண்டு முன்பே சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற வாரப் பத்திரிகை கடவுள் மறுப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தது.

என் அண்ணன் கருப்புச் சட்டை போட்டது எந்த வெளிநாட்டுப் புத்தகத்தையும் படித்து இல்லை. அவனுக்கு 19 வயது. பெரியம்மா ஊரில் எங்களோடு விடுமுறையெல்லாம் பந்து விளையாடிய பையன் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோனான். அவனும் கத்தோலிக்கன்தான், சேரித் தெரு. பூசை வைத்தது அதே சாமியார், பாடியது அதே பாட்டு. கல்லறைத் தோட்டத்துக்குள் போனதும் பெட்டி இடது பக்கம் திரும்பியது. இடுப்பு உயரத்துக்கு ஒரு செம்மண் சுவர், அதன் மேலே கள்ளிச்செடி. அந்தப் பக்கம்தான் அவனுக்குக் குழி. “சாமி, ஏன் அந்தப் பக்கம்?” என்று அண்ணன் கேட்டான். “அது ஊர் வழக்கம் தம்பி” என்றார். அடுத்த ஞாயிறு அண்ணன் பூசைக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இது எங்கோ ஒரு ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதி பிரிக்கும் சுவர் நாடறிந்தது. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதி பிரித்துக் கட்டிய சுவரை 1910இல்தான் இடித்தார்கள்.

அப்பா இறந்தபோது அண்ணன் கருப்புச் சட்டையோடே வந்தான். ஏற்காட்டில் டிசம்பர் பனி, மண் வழுக்கிற்று. பெட்டியின் தலைமாட்டை அவன்தான் தோளில் வைத்திருந்தான். குழி மந்திரிக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வாய் திறக்காமல் நின்றான், அப்புறம் எல்லோரையும்போல ஒரு பிடி மண் போட்டான். அன்று இரவு உறவுக்காரர் ஒருவர் அவன் வாட்ஸ்அப்புக்கு ஒரு வசனம் அனுப்பினார். அறிவு கெட்டவன்தான் கடவுள் இல்லை என்று உள்ளத்தில் சொல்லிக்கொள்வான் என்ற 14ஆம் திருப்பாடலின் முதல் வரி. கட்டுரையாளரும் அதே வரியில்தான் தொடங்குகிறார். இருவருமே நாலாவது வசனம் வரை போகவில்லை. சோறு தின்பதுபோல ஏழை சனங்களைத் தின்கிறவர்களைத்தான் அந்தப் பாட்டு திட்டுகிறது. கடவுளே கேட்க மாட்டார் என்ற தைரியத்தில் எளியவனை மிதிக்கிறவன்தான் அங்கே அறிவு கெட்டவன். என்னைக் கேட்டால் அது செம்மண் சுவர் கட்டியவர்களுக்குச் சொன்னது, என் அண்ணனுக்கு இல்லை.

இதை நானாகச் சொல்லவில்லை. நாத்திகம் பிறப்பதில் விசுவாசிகளுக்கும் பங்கு உண்டு, நம் வாழ்க்கையே கடவுளின் முகத்தை மறைத்துவிடலாம் என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எழுதி வைத்திருக்கிறது. நாத்திகக் குழுக்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பெண்களைப் படம் போட்டுச் சிரிப்பதில் என்ன பகுத்தறிவு இருக்கிறது? ஆனால் பதில் எழுத உட்கார்ந்தவர் கிறிஸ்தவர். அதனால் அவரிடம்தான் எனக்குக் கேள்வி.

பெரியம்மா ஊர்ச் சுவர் இன்னும் நிற்கிறது, கள்ளி மட்டும் இல்லை. கட்டுரையாளர் அடுத்த முறை லெனாக்ஸைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அந்தச் சுவரைப் பற்றி எழுதட்டும். அண்ணனுக்கு 71 வயது, கண் சரியாகத் தெரிவதில்லை. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஏற்காடு.