யாங்கீஸ் அணியில் ஆடிய மருத்துவ மாணவர்: பதினொன்றாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் தங்கள் பிள்ளைகளைப் பள்ளி அணிகளிலிருந்து விடுவிக்குமாறு உங்களில் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவப் படிப்பை நோக்கிச் செல்லும் பிள்ளைக்கு இனி விளையாட்டு எதற்கு என்பதே அக்கடிதங்களின் சாரம். அந்தக் கவலை நியாயமானது. எனினும், நீங்கள் முடிவெடுக்கும் முன் அமெரிக்க பேஸ்பால் வீரர் பாபி பிரவுனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1924இல் சியாட்டில் நகரில் பிறந்த பிரவுன், 1946 செப்டம்பரில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காகத் தம் முதல் ஆட்டத்தை ஆடினார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற யோகி பெராவும் அதே நாளில்தான் அந்த அணியில் அறிமுகமானார்; வெளியூர்களில் இருவரும் ஒரே அறையில் தங்கியதுண்டு. பெரா சித்திரக்கதை படித்துக்கொண்டிருக்க, பிரவுன் தடித்த மருத்துவ நூலில் மூழ்கியிருப்பார் என்பது அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் இன்றும் விரும்பிச் சொல்லும் செய்தி. அக்காலத்தில் அவர் நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர். ஆட்டப் பருவம் முடிந்தபின் வகுப்புகளுக்குச் சென்று, வகுப்புகளை முடித்துக்கொண்டு ஆட்டப் பருவத்துக்கு முன் நடக்கும் வசந்தகாலப் பயிற்சிக்குப் பிற வீரர்களுக்குப் பின்னரே வந்துசேர்ந்து, 1950இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார்.

படிப்பு அவர் ஆட்டத்தைக் குலைத்துவிடவில்லை. 1947, 1949, 1950, 1951 ஆகிய நான்கு ஆண்டுகளில், அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் ஆடிய அவர், 41 வாய்ப்புகளில் 18 முறை பந்தை வெற்றிகரமாக அடித்தார். நான்கிலும் யாங்கீஸ் அணியே வென்றது. 1947 தொடரில் மாற்று ஆட்டக்காரராக மட்டை பிடித்த நான்கு முறையும் அவர் ஆட்டமிழக்காமல் தளத்தை அடைந்தார். எப்போது அழைப்பு வரும் என்று தெரியாமல் காத்திருந்து, அழைத்த கணத்தில் பதறாமல் செயல்படும் அந்தப் பழக்கம் மருத்துவருக்கும் வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம்.

கொரியப் போர்க்காலத்தில் ராணுவ மருத்துவராகக் கொரியாவிலும் ஜப்பானிலும் பணியாற்றித் திரும்பியவர், 1954 பருவத்தின் நடுவிலேயே, 29 வயதில், ஆட்டத்திலிருந்து விலகி சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவமனைப் பயிற்சியில் சேர்ந்தார். என்னை மிகவும் கவர்வது இதுதான். இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய வேளை வந்தபோது அவரே தெரிந்தெடுத்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாக வேறொருவர் அவருக்காக முடிவெடுத்துவிடவில்லை. அதன்பின் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் இதயநோய் மருத்துவராக ஏறத்தாழ கால் நூற்றாண்டு நோயாளிகளைக் கவனித்தார். 1984 முதல் 1994 வரை, அமெரிக்க பேஸ்பாலின் இரு பெரும் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் தலைவராக இருந்து, 2021இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார்.

பல்கலைக்கழகமும் அணியும் இடம்கொடுத்திராவிட்டால் பிரவுனின் உழைப்பு மட்டும் போதியிருக்காது. ஆகவே நம் பள்ளியும் தன் பங்கைச் செய்யும்: பதினொன்றாம் வகுப்பினருக்கான பயிற்சி நேரம் குறைக்கப்படும், தேர்வு வாரங்களில் பயிற்சி இராது. விடுவிப்புக் கடிதம் தந்திருக்கும் பெற்றோர், தங்கள் மகனையோ மகளையோ உடன் அழைத்துவந்து, உடற்கல்வி ஆசிரியரிடமும் என்னிடமும் ஒருமுறை பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை எந்த மாணவர் பெயரும் அணிப் பட்டியலிலிருந்து நீக்கப்படாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்