மஞ்சள் சீட்டையும் காட்டுங்கள்

ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூதப் படுகொலை) கண்காட்சிகளை அமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மன் ராணுவத்தினருக்குப் பெரும்பாலும் ஒரு படமும் 'மனிதநேயம் மிக்கவர்' என்ற வரியும்தான் ஒதுக்குகிறீர்கள். எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதைக் காணோம்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த லிதுவேனிய நகரமான வில்னியஸில் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்த்த எச்.கே.பி. 562 பிரிவு மேஜர் கார்ல் பிளாகேயின் பொறுப்பில் இருந்தது. 1941 அக்டோபரில் அந்த ஊர் யூதர்களுக்கு 3,000 மஞ்சள் வேலைச் சீட்டுகள் தரப்பட்டன. ஒரு சீட்டில் தொழிலாளி, துணை, 16 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகள் என நான்கு பேர் தப்பலாம். மூன்றாவது பிள்ளைக்கு இடமில்லை. சீட்டே இல்லாதவர்களைப் பொனாரிக் காட்டுக் குழிகளில் சுட்டார்கள். தொழில் தெரியாத பலரையும் பிளாகே 'தவிர்க்க முடியாத மெக்கானிக்' என்று எழுதிக்கொடுத்தார்.

1943 செப்டம்பரில் கெட்டோவை, அதாவது யூதர்களை அடைத்துவைத்திருந்த பகுதியை, அழிப்பதற்குச் சில நாள் முன்பு, ஆயிரத்துக்கு மேற்பட்டோரைச் சுபோச் தெரு முகாமுக்கு மாற்றினார். குடும்பம் பக்கத்தில் இருந்தால்தான் ஆண்கள் ஒழுங்காக வேலை செய்வார்கள் என்பது மேலிடத்துக்கு அவர் சொன்ன காரணம். பெண்கள் சும்மா இருப்பதாகத் தெரியக்கூடாதென்று சீருடை தைக்கும் வேலையையும் கொண்டுவந்தார். ஆனால் இந்தக் காப்பு அவர் ஊரில் இருக்கும்வரைதான். 1944 மார்ச் 27 அன்று, அவர் விடுப்பில் இருந்தபோது, எஸ்.எஸ். என்ற நாஜிப் படை முகாமிலிருந்த சுமார் 250 குழந்தைகளைக் கொல்லக் கொண்டுபோனது.

ஜூலை 1, சனிக்கிழமை. எஸ்.எஸ். அதிகாரி பக்கத்தில் நிற்க, 'திங்களன்று உங்களை அழைத்துப்போவது எஸ்.எஸ்.; அகதிகளைப் பாதுகாக்கும் அமைப்பென்று உங்களுக்கே தெரியும்' என்ற பொருளில் முகாமில் இருந்தவர்களிடம் பிளாகே பேசினார். கொல்லப்போகிறார்கள் என்ற எச்சரிக்கை அது என்று கேட்டவர்களுக்குப் புரிந்துவிட்டது. திங்களன்று அணிவகுப்புக்கு வந்தவர்கள் சுமார் 500 பேர். மற்றவர்கள் பொய்ச்சுவருக்குப் பின்னாலும் நிலவறையிலும் அமைத்திருந்த 'மலினா' மறைவிடங்களுக்குள் போய்விட்டார்கள். தேடிப் பிடித்துச் சுட்டதுபோக ஏறக்குறைய 250 பேர் பிழைத்தார்கள்.

அதே ஊரில் சார்ஜென்ட் அன்டோன் ஷ்மிட் வேறு வழியில் போனார்: யூதர்களுக்குப் போலித் தாள்கள் கொடுத்தார், ராணுவ லாரியில் ஏற்றித் தப்பவைத்தார். அதற்காக 1942 ஏப்ரல் 13 அன்று ஜெர்மன் ராணுவமே அவரைச் சுட்டுக்கொன்றது.

ஆகவே கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மஞ்சள் சீட்டை வையுங்கள். அதில் யார் யாருக்கு இடம் என்று எழுதுங்கள். மார்ச் 27-ஐ விட்டுவிடாதீர்கள். பிளாகே 1931-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதையும் மறைக்க வேண்டாம். போருக்குப் பின், முன்னாள் நாஜிகளை வகைப்படுத்திய 1947 விசாரணையில் தன்னைக் குற்றமற்றவர் என்று விடுவிக்கச் சொல்லாமல், 'உடன்போனவர்' (நாஜிகளோடு ஒத்துப்போனவர்) வகையில் வைக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். அந்தத் தாளும் படத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இந்த ஆவணங்களைப் படித்துவரும் சிலர்