திறக்காத மூன்று கோப்புகள்

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்றுச் சம்பளப் பட்டுவாடா முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஊர் ஊராகச் சேர்த்த சொற்கள் இருக்கும் கோப்புகளை உன் பைத்தான் நிரல் திறக்க மறுக்கிறது என்று எழுதி, நிரலையும் பிழைச் செய்தியையும் காட்டி நீ அனுப்பியிருந்த படங்களை நிதானமாகப் பார்க்க முடிந்தது. சனிக்கிழமைகளில் பனியன் கம்பெனியில் என் மேசை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இதைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். நிரலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படி.

துறையின் பொதுக் கணினியில் உன் கோப்புறைக்கு 777 என்று அனுமதி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோழிகள் சொன்னதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, கோப்புறைக்குள் நுழைவதற்கு 1 என்று மூன்றையும் கூட்டினால் வருவது 7. மூன்று 7 போட்டால் உனக்கும், உன் குழுவினருக்கும், அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் மற்ற எல்லாருக்கும் முழு உரிமையையும் திறந்துவிட்டதாகும். வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராகப் போய் நீ சேர்த்த சொற்களை யாரோ ஒருவர் கைதவறி அழித்துவிடவும் அது வழிசெய்யும். அதைவிட முக்கியம், உன் சிக்கல் அனுமதிச் சிக்கலே அல்ல. பிழைச் செய்தியின் கடைசி வரியில் எர்ரனோ 2, அதாவது பிழை எண் 2, என்று இருக்கிறது. அந்தப் பெயரில் கோப்போ கோப்புறையோ இல்லை என்பதுதான் அதன் பொருள். அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் 13 என்று வந்திருக்கும். 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் இவ்விரண்டுக்கும் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர், பெர்மிஷன்எரர் என்று தனித்தனிப் பெயர்களே இருக்கின்றன. இயந்திரம் இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது அதை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் கேட்டுப் பூட்டை உடைக்கப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உன் அறையில் ஓடுகிற நிரல் துறையில் ஓடவில்லை என்ற முதல் குறைக்குக் காரணம் எளியது. 'சொற்கள்' என்ற கோப்புறையின் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறாய். அப்படிக் கொடுக்கும் பாதை, நிரல் எந்தக் கோப்புறையில் நின்று இயக்கப்படுகிறதோ அங்கிருந்துதான் கணக்கிடப்படும், நிரல் எழுதிய கோப்பு இருக்கும் இடத்திலிருந்து அல்ல. நம் ஊரில் 'மேற்கால தோட்டம்' என்று யாராவது சொன்னால், அவர் எந்தச் சாளையின் வாசலில் நின்றுகொண்டு சொல்கிறார் என்று தெரியாமல் அது எந்தத் தோட்டம் என்று கண்டுபிடிக்க முடியாது அல்லவா? நிரலின் தொடக்கத்தில் ஓஎஸ் தொகுதியில், நிற்கும் கோப்புறையைச் சொல்லும் கெட்சிடபிள்யூடி என்ற செயற்கூறை அழைத்து, அது தரும் விடையை அச்சிட்டுப் பார். எங்கே நிற்கிறாய் என்று அது சொல்லிவிடும். அதன் பிறகு பாதையை நிரல்கோப்பின் இடத்திலிருந்து தொடங்கும்படி மாற்றிவிடு. 2014இல் வந்த பைத்தான் 3.4 முதல் உள்ள பாதைகளைக் கையாளும் பாத்லிப் தொகுதி இதற்கு மிகவும் வசதியானது.

இப்போது திறக்காத மூன்று கோப்புகளுக்கு வருகிறேன். ஊர்ப் பெயர் வைத்த கோப்புகளில் பெருந்துறை, காங்கேயம், தாராபுரம், பல்லடம், சென்னிமலை எல்லாம் திறக்கின்றன. பொள்ளாச்சியும் கோபியும் கொடுமுடியும் மட்டும் கண்ணெதிரே இருந்தும் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். ராத்திரி வெகுநேரம் எனக்கும் பிடிபடவில்லை. பெயர்களைக் காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான், திறக்காத மூன்றிலும் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இருப்பதும், திறக்கும் ஐந்தில் ஒன்றில்கூட அது இல்லாததும் தெரிந்தது. பெருந்துறையில் கொம்பு உண்டு, கால் இல்லை. தாராபுரத்தில் கால் உண்டு, கொம்பு இல்லை.

எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஆளுக்கோர் எண் கொடுக்கும் யூனிகோடில் 'பொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'ப'வை அடுத்து ஒகரக் குறி முழுவதற்கும் ஒரே குறியெண் வருவது ஒரு விதம். ஒற்றைக் கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று இரண்டு குறியெண்கள் வருவது மற்றொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஆனால் விண்டோஸும் லினக்ஸும் கோப்பின் பெயரைக் குறியெண் குறியெண்ணாகத்தான் ஒப்பிடுகின்றன என்பதால், அவற்றுக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். அந்தப் பெயர்களை உன் தோழி தன் விசைப்பலகையில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி வைத்திருக்க வேண்டும். நீ நிரலில் ஒரே குறியாகத் தட்டியிருக்கிறாய். என் ஊகம் சரிதானா என்று, ஒரு பெயரில் எத்தனை குறியெண்கள் என்று எண்ணிச் சொல்லும் லென் செயற்கூறைக் கொண்டு நீயே பார்த்துவிடலாம். கோப்புறையில் உள்ள பெயர்களைச் சொல்லும் லிஸ்ட்டிர் தரும் பட்டியலிலிருந்து எடுத்த 'கோபி'க்கு நீளம் 5 என்றும், நீ தட்டிய 'கோபி'க்கு 4 என்றும் வந்தால் ஐயமே வேண்டாம். பின்னொட்டை நீக்கிவிட்டு எண்ண மறக்காதே. அதேபோல் பொள்ளாச்சிக்கு 11, 10 என்றும், கொடுமுடிக்கு 9, 8 என்றும் வரும்.

யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. அதற்கு என்எஃப்சி என்று சொல்லிக் கொடுத்தால் கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கித் தரும். இங்கேதான் கவனம் வேண்டும்: வட்டில் இருக்கும் பெயர் இன்னும் பழையபடியே இருப்பதால், நார்மலைஸ் செய்த பெயரைக் கொண்டு கோப்பைத் திறக்க முயன்றால் மறுபடியும் அதே எர்ரனோ 2தான் வரும். ஒப்பிடுவதற்கு மட்டும் இரு பக்கத்தையும் நார்மலைஸ் செய்துகொள், திறப்பதற்கு லிஸ்ட்டிர் தந்த பெயரையே அப்படியே பயன்படுத்து. லிஸ்ட்டிர் வெறும் பெயரைத்தான் தரும், அதன் முன்னால் கோப்புறையின் பாதையை நீதான் சேர்க்க வேண்டும். அதை மறந்துவிட்டு நான் ஒரு நாள் முழுவதும் தவித்திருக்கிறேன்.

கோப்புகளுக்குப் புதுப் பெயர் வைத்துவிடலாமே என்று உனக்குத் தோன்றலாம். அதுவும் நல்ல வழிதான், ஆனால் முழுக் கோப்புறையையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்த பிறகே அதில் கை வை. உன் நிரலின் இருபதாம் வரியில் கோப்பைத் திறக்கும் ஓப்பன் செயற்கூறுக்கு, எழுதுவதற்கான டபிள்யூ என்று கொடுத்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டபிள்யூ என்று திறந்த அந்தக் கணமே, ஓர் எழுத்துகூட எழுதுவதற்கு முன்பே, கோப்பிலிருந்த எல்லாம் போய்விடும். நான் நிரல் எழுதப் பழகிய புதிதில் ஒரு வாரத்துப் பீஸ் ரேட் கணக்கை அப்படித்தான் இழந்தேன். டெய்லர்களும் கைமடிப் பெண்களும் தத்தம் நோட்டில் குறித்து வைத்திருந்த எண்ணிக்கையை ஒவ்வொருவரிடமாகக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அவர்களிடம் நோட்டு இருந்தது. உன்னிடம் சொல் சொன்னவர்களில் பலரை இனித் தேடிப் போய்க் கேட்க முடியாது. படிப்பதற்கு ஆர், கடைசியில் சேர்ப்பதற்கு ஏ, புதிதாக உண்டாக்குவதற்கு எக்ஸ் என்று பழகிக்கொள். கோப்பு ஏற்கெனவே இருந்தால் எக்ஸ் அதைத் தொடாமல் பிழை காட்டி நின்றுவிடும்.

திறந்த பின் உன் மடிக்கணினியில் எழுத்துகள் கிறுக்கலாகத் தெரிந்தால் பயப்படாதே, என்கோடிங் யூடிஎஃப்-8 என்று ஓப்பனுக்குள் சேர்த்துவிடு.

மூன்றில் கொடுமுடியை முதலில் திற. என் அம்மா, உன் அமுச்சி, கடைசியாகத் திண்ணையில் உட்கார்ந்து உனக்குச் சொன்னவை எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். கட்டுத்தரை, பொழுதோட, ஒட்டுக்கா எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. அட்டாலி என்ற சொல்லைப் பற்றி அவர் நீளமாக ஏதோ சொன்னார், அடுப்படியில் இருந்ததால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, அவர் சொன்னபடியே எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா