மாத்திரை ஏன் பாதியில் நிற்கிறது

அன்புள்ள மகளுக்கு,

போனில் நீ உன் நோயாளிகளைப் பற்றிப் பொரிந்து தள்ளியபோது நான் குறுக்கே பேசவில்லை. "சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லைம்மா, பாதியில் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறார்கள்" என்றாய். ஒருவரின் கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டதாகவும் சொன்னாய். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நான் நர்ஸாக இருந்தபோது காசநோய்க்கு மருந்து வாங்க ஒரு புதுப்பெண் வருவாள். மாத்திரை அட்டையைப் பழைய துணிகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தாள். நோய் தெரிந்தால் புகுந்த வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள் என்று பயம். எல்லோரும் தூங்கிய பிறகுதான் விழுங்குவாள். யாராவது வந்து தங்கினால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். கதவைச் சாத்திக்கொள்ளத்தான் ஓர் அறை இல்லை. நீயானால் அவளுக்கும் அதையேதான் எழுதியிருப்பாய்.

ரத்த அழுத்தக்காரர்கள் வேறு ரகம். தலைவலி விட்டதும் மருந்தை விட்டுவிடுவார்கள். வலித்தால்தான் நோய் என்று காலங்காலமாக நம்பி வந்தவர்களிடம், வலிக்காத ஒன்றுக்கு ஆயுசு முழுக்க மருந்து சாப்பிடு என்றால் எப்படி ஏறும்? ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் 1978-இல் சக ஆய்வாளர்களுடன் எழுதிய கட்டுரையில் நோயாளியிடம் கேட்கச் சில கேள்விகளைத் தந்தார். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இதில் உங்களுக்கு எதைக் கண்டு அதிக பயம்? இந்த இரண்டையும் கேட்டுப் பார். கூடவே, வீட்டில் முடிவெடுப்பது யார் என்றும் கேள்.

அவர்களுடைய நம்பிக்கை என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டு என்று சொல்லவில்லை. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டு அடக்கம் செய்வதிலும் தொற்று பரவியது. அதைத் தடுக்காமல் விட முடியாது. ஆனால் கவச உடை ஆட்கள் வந்து உடலைத் தூக்கிக்கொண்டு போனதும் ஜனங்கள் பிணத்தை ஒளிக்க ஆரம்பித்தார்கள். அந்த நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் முறையை மாற்றியது. குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம் என்றானது. நோயைத் தடுப்பதில் மரியாதைக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. எதற்கெடுத்தாலும் மூடநம்பிக்கை என்று பழிபோடுவது உங்களுக்கெல்லாம் வசதியாகப் போயிற்று. பல நேரம் விஷயம் அன்றைய கூலிதான். மறுபரிசோதனைக்கு வந்தால் அது போய்விடும்.

கூலி மட்டுமல்ல, வேலையில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதும் கணக்கில் வரும். பிரிட்டனில் 1967-இல் அரசு ஊழியர்களை வைத்து வைட்ஹால் ஆய்வைத் தொடங்கினார்கள். சுமார் 18,000 ஆண்கள்; எல்லோருக்கும் நிரந்தர வேலை, இலவச மருத்துவம். அப்படியிருந்தும் பதவி இறங்க இறங்க மாரடைப்புச் சாவு கூடிக்கொண்டே போனது. புகைபிடிப்பது, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று தெரிந்தது.

உன் ஆஸ்பத்திரியில் இப்போது கடைசிப் படியில் நிற்பது நீதானே! தொடர்ந்து நைட் டூட்டி போடுகிறார்கள் என்றாய். தனியாகப் போய்க் கேட்காதே. உன்னோடு சேர்ந்தவர்களையும் கூட்டிக்கொண்டு, பட்டியல் போடுபவரிடம் இந்த வாரமே பேசு.

அம்மா