பாய்மரம் கொடுத்த அப்பத்தாவுக்கு

எங்கள் கடற்கரைத் தெருவுக்காக ஓடிய எல்லாருக்கும் வணக்கம்.

தெருவுக்கு நெட் வயர் இழுத்து முடித்து, நேற்று சாயங்காலம் கடைசிப் பிள்ளையின் ஆன்லைன் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நாலு நாள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கண் கலங்குகிறது.

வயர் இழுத்த தம்பிகள், முன்பணம் கட்டிய குவைத் மச்சான், ஏணி கொடுத்த ஐஸ் கம்பெனி அண்ணன், ராத்திரி பத்து மணி வரை தன் வீட்டுத் திண்ணையைப் பிள்ளைகளுக்கு விட்ட டீச்சர், மூன்று தடவை அலைந்த வார்டு மெம்பர்: எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். யார் பேராவது விட்டுப்போயிருந்தால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள், டீ உண்டு.

ஆனால் இந்த மடல் அப்பத்தாவுக்குத்தான். அவரிடம் போன் கிடையாது. யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

மெயின் ரோட்டுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே கம்பம் இல்லை. நெட் கொண்டுவரும் ஃபைபர் வயர் அங்கேயே சுருட்டிக் கிடந்தது. இரும்புக் கம்பத்துக்குச் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுக் கலைந்து போகும்போது அப்பத்தா வாசலில் இருந்து கூப்பிட்டார். கூரையோரம் கிடந்த பாய்மரத்தைக் காட்டினார். தாத்தாவின் வல்லத்தோடது, பாய் கட்டி ஓடும் நாட்டுப் படகு. வல்லத்தை விற்றபோதும் அதை மட்டும் அவர் கொடுக்கவில்லை.

"இத நடுங்கடா. உப்புக் காத்துல இரும்பு எத்தன நாளைக்கு நிக்கும்? ஆணி மட்டும் அடிக்காதீங்க, கட்டுங்க."

மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில். அதனால் கட்டுவதற்குக் கைக்குப் பஞ்சமில்லை. இறுக்கி மடக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை ஒடிந்துவிடும், வெளிச்சம் போகாது என்றான் வயர் தம்பி. வலை பின்னுகிற கைகளுக்கு அதைச் சொல்ல வேண்டுமா? கச்சான் காத்துக்கு ஆடுகிற அளவுக்கு விட்டு, வளைவாக, நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டார்கள். இதற்குள் வெளிச்சமா ஓடுகிறது என்று கேட்ட அப்பத்தா, அன்று ராத்திரி வாசலில் உட்கார்ந்து வயரையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்துக்கு டெல்லியில் ஒப்புதல் கிடைத்தது 2011இல். ஊராட்சிக் கட்டடத்திலிருந்து கூரை வீடு வரைக்கும் உள்ள கொஞ்ச தூரம்தான் எங்களுக்குக் கடலாகக் கிடந்தது. பக்கத்துக் கேரளத்தில் 2023இல் அரசின் கே-ஃபோன் இணையத் திட்டம் தொடங்கும்போது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவித்தார்கள். நாங்கள் இலவசம்கூடக் கேட்கவில்லை. எட்டு வீட்டுக்கு நாலு இணைப்பு, வீட்டுக்கு இருநூறு ரூபாய்ச் சொச்சம். போனுக்குப் போட்டுக்கொண்டிருந்த ரீசார்ஜை விட இது குறைவு. ஒரு நாளைக்கு வரும் அந்த ஒன்றரை ஜிபி டேட்டா, ஒரு போனை மூன்று பிள்ளைகள் பிடுங்கினால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அதிலும் தனுஷ்கோடிப் பக்கம் போனால் 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று மெசேஜ் வரும், நம்ம டவர் வராது.

இல்லம் தேடிக் கல்வியில் நான் பாடம் சொன்ன காலத்தில், நெட் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை மந்தம் என்று நானே நினைத்ததுண்டு. அதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்டுவைக்கிறேன்.

அப்பத்தா, வருசா வருசம் ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்குகிற அன்றைக்கு மரத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவது இனி என் வேலை. இந்த வருசப் பூச்சு நேற்றே முடிந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டும் இதை டைப் பண்ணுகிற கை இன்னும் நாறுகிறது.