குண்டு ஏற்றிய துப்பாக்கி பரணில் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன இடத்தில் நாட்டுத் துப்பாக்கி வெடித்து ஒருவர் பலி, உடன் போனவர்கள் தலைமறைவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, கல்வராயன் மலை, ஜவ்வாது மலைப் பக்கங்களிலிருந்து இப்படிச் செய்தி வருவது நின்றபாடில்லை. நாலைந்து வரியில் முடிந்துவிடும். துப்பாக்கி பறிமுதல், உரிமம் இல்லை, இரண்டு பேர் கைது, விசாரணை நடக்கிறது. துப்பாக்கி யார் கையில் இருந்தது, குழல் எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது, அதில் வெடிமருந்து எப்போது ஏற்றப்பட்டது என்பதெல்லாம் செய்தியில் இருக்காது. மலையடிவார ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். செய்தியில் விடுபட்டுப்போகும் அந்த வரிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வேட்டை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது குற்றமாகவே இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தண்டனையே 2 ஆண்டு சிறை. இதையெல்லாம் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. திருட்டுத்தனமாக வைத்திருக்கும் பொருள் என்பதாலேயே அதன் ஆபத்தைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை, அதுதான் என் கவலை. முறையாக உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்கின்றன. பரணில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவருக்குப் பயிற்சி கொடுத்தது அவருடைய அப்பாவோ மாமாவோதான். அவர்களும் பார்த்துப் பழகியவர்கள்தான்.

நாட்டுத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் ஆபத்து எங்கே இருக்கிறது என்று புரியும். தோட்டா போடும் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம். நாட்டுத் துப்பாக்கியில் அது முடியாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்துக் கெட்டித்து, அதன் மேல் ஈயக்குண்டோ பால்ரஸ் என்கிற சின்ன இரும்புக் குண்டோ போட்டு, அவை உருண்டு விழாமல் மறுபடியும் நார் அடைப்பார்கள். பின்பக்கம் சிறு கேப் பொருத்துவார்கள். விசையை இழுத்ததும், குதிரை என்று சொல்லும் சுத்தி போன்ற பாகம் அந்தக் கேப்பின் மேல் விழுந்தால் வெடிக்கும். ஒருமுறை ஏற்றிவிட்டால் அதைக் காலி செய்ய எளிய வழி, சுட்டுத் தீர்ப்பது ஒன்றுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கக் காட்டில் அலைந்தும் ஒன்றும் சிக்கவில்லை. விடியும் நேரத்தில் ஊர் எல்லைக்கு வந்தாயிற்று. அங்கே சுட்டால் சத்தம் கேட்டு வனக்காவலர் வந்துவிடுவார். மருந்தும் வீண். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்றிய துப்பாக்கியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பிடிபடுவோமோ என்ற பயமே குண்டோடு இருக்கும் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. பரணில், கூரைச் சந்தில், கட்டிலுக்கு அடியில், மாட்டுக்கொட்டகையில், எங்கேயாவது செருகி வைக்கிறார்கள். நாளைக்கு என்றது ஆறு மாதம் ஆகிவிடும். ஈரம் படாத கருமருந்து ஆண்டுக்கணக்கில் கெடாது. வைத்தவருக்கே ஏற்றியதா இல்லையா என்று மறந்துபோகும். மனைவிக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனுக்குச் சுத்தமாகத் தெரியாது. அவனுக்கு அது விளையாட்டுச் சாமான், தம்பியைப் பார்த்து நீட்டுவான். அப்பாவைக் குற்றவாளி என்று சொல்லலாம், சட்டமும் சொல்லும். அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

காட்டுக்குள் நடப்பது இன்னொரு வகை. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இரண்டாகவோ மூன்றாகவோ பிரிகிறார்கள். ஒருவர் பன்றியைக் கிளப்பி விரட்ட, மற்றவர் வழியில் பதுங்கி இருப்பார். புதர் அசைந்ததும் விசையை இழுத்துவிடுகிறார்கள். எதைச் சுடுகிறோம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது என்பது துப்பாக்கி பிடிக்கும் எவருக்கும் முதல் பாடம். இருட்டில் அந்தப் பாடத்துக்கு இடமே இல்லை. நடக்கும்போதும் குதிரை கேப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான நாட்டுத் துப்பாக்கிகளில் தடுப்பு எதுவும் கிடையாது. ஓடையைத் தாண்டும்போது கால் வழுக்கினாலோ, முள்ளில் மாட்டியதைக் குழலைப் பிடித்து இழுத்தாலோ போதும், முன்னால் போகிறவர் முதுகில் பாயும். இழுக்கிறவர் வயிற்றிலும் பாயும்.

நாட்டுத் துப்பாக்கி மட்டமானது, அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். 2006 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் துணை அதிபராக இருந்த டிக் செனி, டெக்சாஸில் காடை வேட்டைக்குப் போனார். அவர் கையில் இருந்தது தொழிற்சாலையில் செய்த உயர்ந்த ரகத் துப்பாக்கி. சூரியன் இன்னும் மறையவில்லை. உடன் வந்த 78 வயது வழக்கறிஞர், தூரத்திலிருந்தே தெரியும் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டிருந்தார். பறந்த காடையைத் தொடர்ந்து செனி துப்பாக்கியோடு திரும்பிச் சுட்டதில் அந்தப் பெரியவரின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவைகள் பாய்ந்தன. இதயத்துக்குப் பக்கத்தில் போன ஒரு ரவையால் அவருக்கு லேசான மாரடைப்பும் வந்தது. நல்ல துப்பாக்கியும் பகல் வெளிச்சமும் பளிச்சென்ற உடையும் இருந்தே இந்தக் கதி. நம் ஊரில் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

துப்பாக்கி மட்டமானது என்பதும் உண்மைதான். சாதாரண இரும்புக் குழாயைக் குழலாக்கி விடுகிறார்கள். அது எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று யாரும் சோதிப்பதில்லை. மருந்துக்கு அளவும் கைப்பிடிதான். ஒருமுறை வெடிக்காமல் போனால், உள்ளே இருப்பதை மறந்து அதன் மேலேயே இன்னொரு முறை ஏற்றுவார்கள். அப்போது குழலே பிளந்து இடது கை விரல்கள் போகும், கண் போகும். வெடிக்கவில்லையே என்று உடனே குழலுக்குள் எட்டிப் பார்ப்பது அதைவிட மோசம். மருந்து சில நொடி தாமதித்துப் பற்றுவதும் உண்டு.

இனி என் வேலை சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். மூங்கில் குத்திவிட்டது, பாறையில் விழுந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டுதான் கொண்டுவருவார்கள். காயத்தைச் சுற்றித் தோலில் கரும்புள்ளி புள்ளியாக மருந்து பதிந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளை வெள்ளையாகக் குண்டுகள் தெரியும். உறவினர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அதிகாலையில் பட்ட காயத்துக்கு மாலையில் வருவார்கள். அதுவரை மஞ்சளும் பச்சிலையும் வைத்துக் கட்டி, கத்தி முனையால் குண்டைத் தோண்டியும் பார்த்திருப்பார்கள். வெளியே சின்னத் துளையாகத்தான் தெரியும். உள்ளே குடலிலோ நுரையீரலிலோ என்ன நடந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. நாரும் துணியும் மண்ணும் குண்டோடு உள்ளே போயிருப்பதால் சீழ் பிடிக்கும். தொடையின் பெரிய இரத்தக்குழாய் அறுந்திருந்தால் நிமிடக் கணக்குத்தான். வழக்குக்குப் பயந்து நண்பனைக் காட்டிலேயே விட்டுவிட்டு ஓடியவர்களும் இருக்கிறார்கள். சுட்ட குண்டைவிட இந்தப் பயம்தான் சிலரைக் கொன்றது என்று அடித்துச் சொல்வேன்.

காயம்பட்டவர் குற்றம் செய்தவரோ செய்யாதவரோ, முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறையெல்லாம் பிறகு என்று 1989-இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரும், அதை மறைக்க முடியாது. ஆனால் போலீஸ் வந்த பிறகுதான் வைத்தியம் என்று எந்த மருத்துவரும் சொல்லக் கூடாது. மலை ஊர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடியுங்கள், எதையும் தோண்டாதீர்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், 108-க்குக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள். இவ்வளவு தெரிந்திருந்தாலே சில உயிர்கள் பிழைத்திருக்கும்.

குறிப்பிட்ட நாளுக்குள் நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று மாவட்டக் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பது நல்ல காரியம். அந்த அறிவிப்பில் இன்னும் சில வரிகள் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வீட்டில் இருக்கும் துப்பாக்கியில் மருந்து இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கேப்பை எடுத்துவிட்டாலும் மருந்து உள்ளேதான் இருக்கிறது. கம்பி விட்டுக் குத்தி எடுக்க முயலாதீர்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஏற்றிய துப்பாக்கி என்றால் நீங்களே தூக்கிக்கொண்டு வர வேண்டாம், தகவல் சொன்னால் போதும், தெரிந்தவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். எடுக்க வருகிறவர் முதலில் கேள்வி கேட்டு மிரட்டாதவராக இருக்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் கோயில் வாசலிலோ புதரிலோ போட்டுவிட்டுப் போனால், மறுநாள் அதை முதலில் தொடுவது ஆடு மேய்க்கும் பிள்ளையாக இருக்கலாம்.

இதை ஆண்களிடம் மட்டும் சொன்னால் பலன் இல்லை. பரணில் என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கேட்கத்தான் தைரியம் வராது. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் கிராம சுகாதாரச் செவிலியரும் ஒரு காவலரும் வந்து அரை மணி நேரம் பேசட்டும்.

பன்றித் தொல்லை என்ற காரணத்தையும் தள்ளிவிட முடியாது. நிலக்கடலையையும் மரவள்ளியையும் ஒரே ராத்திரியில் தோண்டிப் போட்டுவிடும், அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு முடிவெடுத்தது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அறிவிப்போடு நிற்காமல் அதற்கான ஆட்களையும் கூண்டுகளையும் எங்கள் பக்கம் அனுப்பினால், துப்பாக்கியைக் கீழே வைக்க விவசாயிக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இப்படிச் செய்தி வரும்போது, கைது விவரத்தோடு அது எப்படி நடந்தது என்பதையும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். துப்பாக்கி வீட்டில் எங்கே இருந்தது, ஏற்றியபடி எத்தனை நாள் இருந்தது, காயம்பட்டவர் எவ்வளவு நேரம் கழித்து மருத்துவமனைக்கு வந்தார் என்று அச்சில் வரட்டும். அதே மாதிரி ஒன்றைப் பரணில் வைத்திருக்கும் வீட்டிலும் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.