'க' வரிசைப் பண்ணை விலங்குகள்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கள்கிழமை முதல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'க' வரிசையில் பெயர் தொடங்கும் பண்ணை விலங்குகளைப் பற்றிப் படிக்கப்போகிறார்கள். க, கா, கி, கு என எந்த எழுத்தில் தொடங்கினாலும் சரி. பறவையும் சேர்த்திதான். ஆளுக்கு ஒன்றை வரைந்து, பெயரெழுதி, அதைப் பற்றி ஏதாவது ஒரு செய்தியை வகுப்பில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வீட்டுப்பாடம்.

இதற்குப் போய்க் கடிதமா என்று தோன்றலாம். இப்படி ஏதாவது கொடுத்தால், மறுநாள் செல்போனில் தேடி எடுத்த நீண்ட பட்டியலோடு பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். கையெழுத்து பெரியவர்களுடையது. அதில் ஒன்றைப் பற்றிக் கேட்டால் பிள்ளை திருதிருவென விழிக்கிறது. ஒரே ஒரு பெயர் போதும். அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசட்டும்.

கோழியையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பறித்துப் படுத்து, சிறகை விரித்து, புழுதியை வாரி மேலே போட்டுக்கொள்ளும். பார்க்கிற பிள்ளை ஏன் என்று கேட்காமல் இருக்காது. இறகுக்குள் இருக்கும் பேனும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத்தான் அந்தப் புழுதிக் குளியல். கோழிமுட்டை பொரிய 21 நாள். காடைக்கு 17, 18 நாளே போதும். கினிக்கோழிக்கு 26 முதல் 28 நாள். மூன்றும் நம் வரிசைதான். மூன்று பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் அன்றைய கணக்குப் பாடமும் முடிந்துவிடும்.

குதிரை, கழுதை பற்றிச் சொல்லவே வேண்டாம். தாய் குதிரையாகவும் தந்தை கழுதையாகவும் இருந்தால் பிறப்பது கோவேறு கழுதை. அதற்குப் பொதுவாகக் குட்டி பிறப்பதில்லை. உடலின் ஒவ்வொரு செல்லிலும் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் குதிரைக்கு 64, கழுதைக்கு 62, இதற்கு 63. ஜோடி சரியாகச் சேராது. ஏழு வயதுக்கு இது அதிகம்தான், ஆனாலும் நீங்கள் தெரிந்துவைத்திருங்கள். கேள்வி கட்டாயம் வரும்.

அப்புறம் கன்று, கிடாரி, காளை. எல்லாம் மாடுதானே, தனித்தனியாக எப்படிச் சேர்ப்பது என்று ஆசிரியர் அறையிலேயே ஒரு வாக்குவாதம் நடந்தது. மூன்றையும் ஏற்கலாம் என்பது என் முடிவு. வயதையும் ஆண், பெண்ணையும் பிரித்துச் சொல்லும் பிள்ளை மாட்டைப் பற்றிக் கூடுதலாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறது. கிடாவும் அப்படியே. கன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் அது வாய் திறக்கும்போது கவனிக்கட்டும்: முன்பக்கம் கீழே மட்டும்தான் பல், மேலே வெறும் கெட்டி ஈறு. கையை நக்கவிட்டால் நாக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும்.

கொக்கு, காகம், கௌதாரி சேராது. மேயும் மாட்டின் பின்னாலேயே கொக்கு நடப்பது உண்மைதான். மாட்டின் காலடியில் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளுக்காக வருகிறது, அதை யாரும் வளர்ப்பதில்லை. மனிதர் வளர்ப்பது மட்டுமே கணக்கு. எவ்வளவு அழுதாலும் கரடி கிடையாது.

அருகில் பண்ணை இல்லாதவர்கள் காணொளி காட்டினால் போதும். நேரில் போகிறவர்கள் கூடவே இருங்கள். குதிரை, கழுதையின் பின்பக்கம் பிள்ளையை நிற்க விடாதீர்கள். விலங்கைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். படம் கோணலாக இருந்தாலும் பிள்ளை வரைந்ததே வரட்டும். வெள்ளிக்கிழமை காலை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தயவுசெய்து கோழிக்குஞ்சைப் புத்தகப் பையில் போட்டு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்